‘ஒரு நாய்க்கு இவ்வளவா?’

நாயின் மலத்தைக் குனிந்து உற்றுப் பார்ப்பேன். அது அயர்ந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவேன். அதன் சாப்பாட்டைத் தராசில் நிறுத்துப் போடுவேன். ராத்திரி பல் துலக்கிவிடுவேன். வீட்டுக்கு வருகிறவர்களின் கைப்பையை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைப்பேன். நாயோடு ஒன்றிப் பழகுகிறவர்கள் பலரும் இவற்றில் பாதியையாவது செய்கிறார்கள். வீட்டில் ஒரு நாயும் இருக்கட்டும் என்ற அளவில் வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் விநோதமாகப் படுகிறது.

என் அண்ணன் இந்த இரண்டாவது வகை. அவர் வீட்டு டைகருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, வெயில் மழை படாத இடம் உண்டு, தடுப்பூசி ஒரு வருஷமும் தப்பியதில்லை. பிள்ளைகள் அவனோடு ஓடி விளையாடுகிறார்கள். அண்ணன் நாயை மோசமாக வைத்திருக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான் என் நாய் முத்துவுக்குச் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம், “ஏம்மா, ஒரு நாய்க்கு இவ்வளவா?” என்று கேட்பார். கேலியாக அல்ல, நிஜமாகவே புரியாமல்தான் கேட்பார். அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிவந்த பதில்கள்தான் இவை.

நாய் தன் உடம்புக்கு என்ன என்று சொல்லாது. முடிந்தவரை மறைக்கவும் செய்யும். இடுப்பு வலியோடு வாசலுக்கு ஓடிவந்து வாலாட்டும். பல்லில் சீழ் பிடித்திருந்தாலும் தட்டைக் காலி செய்துவிடும். “நல்லாத்தானே சாப்பிடுறான், ஓடுறான்” என்பதை மட்டுமே நம்பியிருந்தால் பல நோய்கள் முற்றிய பிறகுதான் தெரியவரும். வெளியாருக்குக் கிறுக்காகத் தெரியும் பழக்கங்களில் முக்கால்வாசி இதனால் வந்தவை. அது சொல்லாததை நாம் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் படிக்கத் தினமும் கிடைப்பது மலம். அண்ணனுக்கு ரொம்பக் கூச்சமான விஷயமும் இதுதான். “அதைப் போய் இப்படிப் பாக்குறியே” என்பார். டாக்டரிடம் போனால் முதலில் கேட்பதே இதைத்தான்: எப்படிப் போகிறது, என்ன நிறம், எத்தனை தடவை? நல்ல மலம் பழுப்பாக, உருக்குலையாமல், எடுத்தால் தரையில் அதிகம் ஒட்டாமல் வரும். கருப்பாகத் தார் மாதிரி பிசுபிசுவென்று இருந்தால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்து, செரித்து வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் பெரும்பாலும் பெருங்குடல், ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து வருவது. வழவழவென்று சளி படிந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை முக்கிப் போனால் பெருங்குடல் அழற்சி இருக்கலாம். வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, நிறைய நிறையப் போய், நாயும் இளைத்துக்கொண்டே வந்தால் கணையம் போதிய செரிமான நொதி சுரக்காமல் இருக்கலாம். சின்னச் சின்ன வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தால் அநேகமாக நாடாப்புழுவின் துண்டுகள். உடம்பைக் கடித்துக்கொள்ளும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கி அந்தப் புழு வருவதுண்டு. ஆகவே புழு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும்.

ஒரு வேளை இளகிப் போய், நாய் வழக்கம்போல விளையாடிக்கொண்டிருந்தால் நான் பதறுவதில்லை. தண்ணீர் குடிக்கிறதா, வாந்தி உண்டா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும் ரத்தபேதியுமாகச் சுருண்டு படுத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. பார்வோ வைரஸாக இருக்கலாம். அது குட்டிகளை வெகு வேகமாகக் கொண்டுபோய்விடும். அதேபோல ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி நின்றும் சிறுநீர் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அது அவசரம், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் அல்ல. டாக்டரிடம் போகும்போது அன்றைய மலத்தில் கொஞ்சம் ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு போவேன். புழுமுட்டை பார்க்க அது உதவும்.

மூச்சை எண்ணும் பழக்கம் ஜிம்மியிடமிருந்து வந்தது. முத்துவுக்கு முன்பு என்னோடு இருந்தவன் ஜிம்மி, குட்டையான ஜாதி. வயதான காலத்தில் ஒரு தடவை தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருக்கிறது என்றார். சிறிய உடம்புள்ள வயதான நாய்களுக்கு இதய வால்வு தடித்துக் கசிவது சாதாரணமாக வரும் நோய். மருந்தோடு பல வருஷம் நன்றாக வாழும் நாய்கள் உண்டு. ஆனால் ஒரு கட்டத்தில் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கலாம். அது கண்ணுக்குத் தெரியும் மூச்சுத் திணறலாக ஆவதற்கு முன்பே, தூங்கும்போது எடுக்கும் மூச்சின் எண்ணிக்கை மெல்ல ஏறும். அதனால் அந்த டாக்டர் எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தார்.

செய்முறை எளிது. நாய் நன்றாகத் தூங்க வேண்டும். நாக்கை நீட்டி மூச்சு வாங்கக் கூடாது, கனவில் கால் உதறிக்கொண்டிருக்கக் கூடாது. விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நலமான நாய்க்கு நிமிஷத்துக்கு 30-க்குள் இருக்கும், பல நாய்களுக்கு 20-க்கும் கீழே. தன் நாயின் வழக்கமான எண் எதுவென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது 30-ஐத் தாண்டி, கொஞ்ச நேரம் கழித்து எண்ணினாலும் இறங்காமல் இருந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஜிம்மிக்கு ஒரு ராத்திரி அப்படி ஏறியது. வேறு எந்த மாற்றமும் இல்லை, சாப்பிட்டான், வாலாட்டினான். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டுதான் போனோம். நெஞ்சில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. நீர் பிரியும் மருந்தைக் கூட்டினார்கள், மூச்சு இறங்கியது. அதற்குப் பிறகும் அவன் என்னோடு இருந்த காலம் எனக்கு அந்த எண்ணிக்கை கொடுத்த காலம். நலமாக இருக்கும் முத்துவின் மூச்சை நான் இப்போதும் அவ்வப்போது எண்ணுவதன் காரணம் இதுதான்.

காய்ச்சலுக்கு மூக்கைத் தொட்டுப் பார்ப்பது பலர் செய்வது. மூக்கு ஈரமாக இருந்தாலும் காய்ச்சல் இருக்கலாம், காய்ந்திருந்தாலும் நாய் நலமாக இருக்கலாம். வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும். நாயின் இயல்பான வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்குக் காய்ச்சலான அளவு அதற்கு இயல்பு.

அடுத்தது தராசு. நாயைப் பட்டினி போடுகிறேன் என்று சொன்னவர்கள் உண்டு. முத்துவின் விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தித் தெரியாது. ஆனால் விரலால் லேசாகத் தடவினால் ஒவ்வொன்றும் தட்டுப்படும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்கும். பக்கவாட்டில் வயிறு மேல்நோக்கி ஏறியிருக்கும். இதுதான் சரியான உடம்பு. கொழுகொழு நாய்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒல்லியாகத் தெரிகிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்வேன். 48 லாப்ரடார் நாய்களை, உடன்பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான சாப்பாட்டை வாழ்நாள் முழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருஷம், மற்றவற்றுக்கு 11.2. ஏறத்தாழ இரண்டு வருஷ வித்தியாசம். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நம் நாயோடு இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பிஸ்கட், தின்பண்டம் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பயிற்சிக்குக் கொடுக்கும் துணுக்குகளை நான் காலையிலேயே அவன் பங்கிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறேன்.

இனி வாக்கிங். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இது, பார்ப்பவர்களுக்குப் பொறுமை போவதும் இதில்தான். முத்து ஒரு செடியின் அடியில் மூக்கை வைத்தால் வைத்ததுதான். நான் இழுக்காமல் நிற்பேன். “இவன் உன்னை வாக்கிங் கூட்டிட்டு வந்திருக்கானா?” என்று கேட்டார் அண்ணன். ஆமாம், தினமும் ஒரு வேளை அப்படித்தான். மனிதருக்கு மோப்ப ஏற்பிகள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கு இருப்பது இருபது முப்பது கோடி என்று கணக்குச் சொல்கிறார்கள். மூக்கின் பக்கத்துப் பிளவுகள் வழியாக மூச்சை வெளியே விடுவதால், முன்னாலிருந்து புதிய வாசனை தடையில்லாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். வாயின் மேலண்ணத்துக்கு மேலே மற்ற நாய்கள் விட்டுச் சென்ற வேதிச் சைகைகளை உணரத் தனி உறுப்பே உண்டு. எந்த நாய் இந்தப் பக்கம் போனது, ஆணா பெண்ணா, எவ்வளவு நேரத்துக்கு முன்பு என்பதெல்லாம் அந்தச் செடியடியில் இருக்கிறது. நாளெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் உயிருக்கு வெளியுலகச் செய்தி அது ஒன்றுதான். அதையும் கழுத்தைப் பிடித்து இழுத்து நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை.

2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு விளையாடிய நாய்கள், காலடியில் ஒட்டி நடக்கப் பழக்கிய நாய்களைவிட நம்பிக்கையான மனநிலையைக் காட்டின. என் அனுபவமும் அதுதான். வேகமாக நீண்ட தூரம் நடந்த நாளைவிட, மெதுவாக மோந்து மோந்து கொஞ்சம் நடந்த நாளில் முத்து நிம்மதியாகத் தூங்குகிறான். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் ஹார்னஸ், மூன்று நான்கு மீட்டர் நீளக் கயிறு, அவசரமில்லாத நேரம். இவை போதும். மழையில் போக முடியாவிட்டால் அவன் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் ஒரு பழைய துண்டின் மடிப்புகளுக்குள் தூவித் தேடவிடுவேன். வெயில் நாளில் கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பார்ப்பேன். என் கை தாங்காவிட்டால் அவன் பாதமும் தாங்காது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெயிலே ஆபத்து. நாய்கள் உடம்பின் சூட்டைப் பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் தணிக்கின்றன, சப்பை மூக்குக்கு அதற்கே சரியான வழி இல்லை.

ஒன்றுமில்லாத நாளில் முத்துவின் பாதத்தைப் பிடித்து விரல் இடுக்கை விரிப்பேன், காதை மடக்கிப் பார்ப்பேன், உதட்டைத் தூக்குவேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்கு கொடுப்பேன். கூடை மாதிரியான வாய்மூடியையும் போட்டுப் பழக்கியிருக்கிறேன். “கடிப்பானா?” என்று எல்லோரும் ஒரு அடி பின்வாங்குகிறார்கள். கடிக்கிறவன் இல்லை. ஆனால் வலி வந்தால் எந்த நாயும் கடிக்கலாம். ஒரு தடவை பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. வாய்மூடியை நீட்டியதும் அவனே மூக்கை உள்ளே விட்டான், டாக்டர் நிதானமாக எடுத்தார். ஒரு பழக்கமும் இல்லாத நாயை அந்த நிலையில் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பயம் அடுத்த முறை வாசலிலேயே காலை ஊன்ற வைக்கும். இந்தத் தினசரித் தடவலில் உண்ணியும் கைக்கு அகப்படும், புதிதாக வந்த கட்டியும் அகப்படும்.

பல் துலக்குவதும் இதே வரிசைதான். வளர்ந்த நாய்க்கு 42 பல். அவற்றில் படியும் அழுக்கு சில நாளிலேயே காறையாக இறுகிவிடும், பிறகு தூரிகைக்கு வராது. முதலில் விரலில் துணி சுற்றி வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்தால் போதும். நம்முடைய பற்பசை கூடாது, நாய்க்கென்று விற்பதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கைப்பையை மேல்தட்டில் வைப்பதற்குச் சைலிடால் காரணம். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், சில பற்பசைகளில் சேர்க்கும் இனிப்பு அது. மனிதருக்குத் தீங்கில்லை. நாய்க்கோ உடனே இன்சுலின் பாய்ந்து ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், ஈரலும் கெடலாம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் பைகளில் சாதாரணமாகக் கிடப்பவை, அவையும் நாய்க்கு நஞ்சு. தின்றுவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே கொல்லும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை எத்தனை என்று சொல்லி, உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

இன்னொன்றில் அண்ணனுக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம். டைகர் செருப்பைக் கடித்து வைத்திருந்தான். அண்ணன் அதட்டியதும் காதை ஒடுக்கி, முகத்தைத் திருப்பி, வாலைச் சுருட்டிக்கொண்டான். “தப்பு பண்ணினது அவனுக்கே தெரியும், மூஞ்சியப் பாரு” என்றார். “அண்ணே, அது குற்ற உணர்ச்சி இல்ல, பயம்” என்றேன். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பது ஒருபுறம் இருக்க, வளர்ப்பவரிடம் ‘தின்றுவிட்டது’ என்று பொய்யாகவும் சொல்லிப் பார்த்தார். அந்த ‘குற்றவாளி முகம்’ தின்றதைப் பொறுத்து வரவில்லை, திட்டியதைப் பொறுத்து வந்தது. தின்னாமல் இருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. எப்போதோ கடித்த செருப்புக்கு இப்போது அடித்தால், வீட்டுக்காரர் உள்ளே வந்தாலே பயப்பட வேண்டும் என்பதைத்தான் நாய் கற்றுக்கொள்ளும்.

அதனால்தான் யாராவது முத்துவைத் தடவக் கை நீட்டினால் முதலில் அவன் உடம்பைப் பார்க்கிறேன். பசி இல்லாமல் உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை, உடம்பு விறைப்பது எல்லாம் ‘வேண்டாம்’ என்பதற்கான அடையாளங்கள். வால் ஆடுவது மட்டும் சம்மதம் ஆகாது. அவன் விலகினால், “இன்னிக்கு வேண்டாம்” என்று வந்தவரிடம் சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் கோபம்கூட வருகிறது, வரட்டும். உறுமினால் திட்டுவதும் இல்லை. கடிக்கு முன்பு கிடைக்கும் எச்சரிக்கை அது. உறுமலை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும்.

நாயோடு ஓயாமல் பேசுவதைப் பற்றியும் கேட்பார்கள். எனக்கு அது இயல்பாக வருகிறது. அவ்வளவுதான் காரணம். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கொஞ்சலான குரலில் நாய்க்குத் தெரிந்த விஷயங்களைப் பேசியவர்களின் பக்கத்தில்தான் நாய்கள் அதிக நேரம் இருக்க விரும்பின.

நாய்ப் பிரியர்கள் செய்யும் எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. நம் மனம் குளிர அதன்மேல் ஏற்றும் சில உண்டு: இறுக்கமான உடை, வாசனைத் திரவியம், எங்கேயும் நடக்கவிடாமல் தூக்கிச் சுமப்பது, பாசத்தில் ஊட்டும் இனிப்பு. இணையத்தில் யாரோ சொன்ன மருந்தை அளவு பார்க்காமல் கொடுப்பது இவற்றில் மிக மோசம். செய்வது நாய்க்காகவா நமக்காகவா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கொஞ்ச நாளைக்கு முன்பு அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். டைகர் படுத்து எழுந்ததும் பின்னங்காலை ஒரு மாதிரி வைக்கிறான், நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது, டாக்டரிடம் கொண்டுபோனால் அங்கே துள்ளிக் குதிக்கிறான் என்றார். புது இடத்தின் பரபரப்பில் நாய்கள் நொண்டலை மறைத்துவிடுவது வழக்கம். “அண்ணே, வீட்ல வெச்சே வீடியோ எடுங்க” என்றேன். அதைப் பார்த்த டாக்டர், எக்ஸ்ரே எடுத்து இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று உறுதி செய்தார். உடம்பைக் குறைக்கச் சொன்னார், நாய்களுக்கான வலி மருந்து கொடுத்தார். அண்ணன் இப்போது டைகரின் சாப்பாட்டை நிறுத்துத்தான் போடுகிறார். வழுக்கும் தரையில் பாய் விரித்திருக்கிறார்.

உங்களுக்கும் அப்படி எடுக்க வேண்டி வந்தால் கேமராவை நாயின் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, படியேறும்போது ஒன்று. படுத்து எழுந்தவுடன் வைக்கும் முதல் பத்து அடிகள் கட்டாயம் வேண்டும். இருமல், வலிப்பு, விநோதமான மூச்சு எதுவானாலும் சத்தத்தோடு பதிவு செய்து, எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.